நாற்பது நிமிட சீசன்

2023 தீபாவளிக்கு மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம், குருவிகுளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒரு பொய் சொன்னேன்.

டெட்ராய்ட் பக்கத்துக் கார் கம்பெனி ஒன்றுக்குச் சென்னையிலிருந்து மென்பொருள் எழுதித்தரும் டீமில் இருக்கிறேன். அந்தப் பக்கத்து மேனேஜர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரி வரை அவருடைய திங்கட்கிழமை கால் வேலையில் தொடங்காது, சனிக்கிழமை நடந்த மேட்சில்தான் தொடங்கும். அப்ரைசலுக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள், நானும் மூன்று சீசனாக அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கப் பழகியிருந்தேன். அன்றைக்கு அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். பென் ஸ்டேட் அணியை அவர்கள் ஊரிலேயே போய் 24-15 என்று ஜெயித்திருந்தார்கள். நானும் என் பங்குக்கு, "தொடர்ந்து 32 தடவை, பந்தை எறியாம ஓடியே ஜெயிச்சீங்களே" என்றேன். மனுஷருக்கு அவ்வளவு பூரிப்பு. அப்புறம், ஒரு மரியாதைக்காக, "உன் காலேஜ் டீமுக்கு என்ன பேரு?" என்று கேட்டார்.

"எங்க காலேஜ்ல டீம் கிடையாது" என்றேன்.

எங்கள் கல்லூரிக் கபடி அணியின் முதல் ரைடர் அந்த நேரம் மூன்று தெரு தள்ளித் தன் வீட்டில் இருந்தான். முந்தாநாள் ராத்திரி எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து அதே பென் ஸ்டேட் மேட்சை என்னோடு பார்த்தவனும் அவன்தான்.

அந்த மேட்ச் அங்கே மத்தியானம் 12 மணிக்கு, நமக்கு ராத்திரி பத்தரைக்கு. தெருவில் பயல்கள் அப்போதே வெடி போட ஆரம்பித்திருந்தார்கள். அவன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஷிப்ட் பார்க்கிறான், தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தான். என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள இது, பந்த வச்சுக்கிட்டுக் கபடி ஆடுறானுவ?" என்றான். அமெரிக்க ஃபுட்பாலுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை. நான் விவரம் சொன்னேன். மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பா இன்றைக்கு மைதானத்துக்குள் வரக்கூடாது, எதிரணிகளின் சைகைகளை ஆள் வைத்துத் திருடிய விவகாரத்தில் நேற்றுத்தான் மூன்று மேட்ச் தடை போட்டார்கள், துணை கோச் ஷெரோன் மூர்தான் நடத்துகிறார். மேட்ச் முடிந்ததும் அந்த மூர் டிவி கேமராவுக்கு முன்னால் விக்கி விக்கி அழுதார். இரண்டு வாரம் கழித்து ஒஹாயோ ஸ்டேட்டை 30-24, ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டன் அணியை 34-13. அந்த சீசனில் 15 மேட்ச் ஆடி 15-ம் ஜெயித்தார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"எந்த ஸ்டேட்டு டீம்டா இது?" என்றான்.

"ஸ்டேட்டு டீம் இல்லடா. காலேஜ் பயலுக."

அவன் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்த ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆள். "நம்ம காலேஜ் கிரவுண்டுல ஜோன் ஃபைனல் ஆடுனோம்ல, அன்னைக்கு மெஸ் மாஸ்டர் மட்டும் வந்தாரு. ஒத்தை ஆளா நின்னு விசிலடிச்சாரு. ஞாபகம் இருக்கா?" என்றான்.

எனக்கு ஞாபகம் இல்லை. நான் அங்கே போகவில்லை.

போகாத கதை இது. 2008, நாங்கள் மூன்றாம் வருடம். மண்டலப் போட்டி அந்த வருடம் எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. ஃபைனல் அன்று காலை அணி கேப்டன் வகுப்பு வாசலில் வந்து நின்று, மேட்ச் பார்க்க யாராவது வரலாமா என்று அனுமதி கேட்டான். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் எங்கள் பக்கம் திரும்பி, "யார் யாருக்குப் போகணும்? அட்டெண்டன்ஸ் கிடையாது" என்றார். அறுபது பேர் இருந்தோம், ஒரு கை தூக்கப்படவில்லை. நானும் தூக்கவில்லை. எங்களுக்கு அன்றைக்குப் பிளேஸ்மெண்ட் டிரெயினிங், ரயில் பிளாட்பாரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். (அந்த டிரெயினிங்கின் பலனாக எனக்குக் கிடைத்த வேலைக்கு, உலகப் பொருளாதாரம் சரிந்ததில், படிப்பு முடிந்து பதினாலு மாதம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். ஒரு மேட்ச் என்ன, ஒரு சீசனே பார்த்திருக்கலாம்.)

ஜெயித்த செய்தி எங்களுக்கு ஃபிளெக்ஸ் பேனர் வழியாகத்தான் வந்தது. முக்கால்வாசி இடத்தில் தாளாளர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அடியில், ரேஷன் கார்டு போட்டோ அளவில் ஏழு பேர்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன். நம் பொறியியல் கல்லூரிகளில் விளையாட்டு இல்லை என்று எல்லோரும் புலம்புகிறோம். அது தவறு. விளையாட்டு இருக்கிறது, கோப்பை இருக்கிறது, பி.டி. சார் இருக்கிறார், விளம்பரத்தில் மைதானத்தின் படம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: பார்க்க ஆள் இல்லை. அந்த ஆள் தானாக இல்லாமல் போகவில்லை. நிர்வாகம் திட்டம் போட்டு விரட்டியது, நாம் சந்தோஷமாக விரட்டப்பட்டோம்.

எப்படி என்று பாருங்கள். பல கல்லூரி அணிகளுக்கு மண்டலப் போட்டிதான் வருடத்தின் ஒரே பெரிய போட்டி. ஏதோ ஒரு கல்லூரியில், வேலை நாளில், காலை ஒன்பது மணிக்கு. பெரும்பாலும் நாக்-அவுட். ஆண்கள் கபடி என்பது இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. முதல் மேட்சில் தோற்றால், ஒரு வருடப் பயிற்சியும் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. கல்லூரி பஸ்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மிச்சிகன் பயலுக்கு ஒரு சீசனில் குறைந்தது 12 மேட்ச். அதில் பாதிக்கு மேல் சொந்த ஊரில், எல்லோருக்கும் லீவான சனிக்கிழமையில், மாதக்கணக்குக்கு முன்பே அறிவித்த தேதியில். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை உண்டு. ஆன் ஆர்பர் ஊரின் மக்கள்தொகை சுமார் 1,20,000. அந்த ஊர் ஸ்டேடியத்தின் இருக்கைகள் 1,07,601. அவ்வளவு பெரிசு நமக்கு வேண்டாம். நான் கேட்பது தேதியைத்தான். தேதி தெரிந்தால்தானே கூட்டம் வரும்?

நம் ஜனங்களுக்கு விளையாட்டு பார்க்கிற பழக்கம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். குருவிகுளத்திலிருந்து கழுகுமலை தாண்டிப் போனால் கோவில்பட்டி. ஹாக்கி மட்டையோடு சைக்கிளில் போகும் பிள்ளைகளைச் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஊர். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி அங்கே நடக்கும்போது சுற்றுப்பட்டியிலிருந்து ஆட்கள் போவார்கள். ரயில்வே, வங்கி அணிகளில் ஆடும் வடநாட்டு வீரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர்கள் அங்கே உண்டு. 2022 ஆசியக் கோப்பையில் ஜகார்த்தாவில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் மாரீஸ்வரனும் கார்த்தியும் ஆடினார்கள். இரண்டு பேரும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள். பார்க்கிற கண்கள் உள்ள ஊரில் ஆட்டக்காரன் வருகிறான், இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

கபடிக்கு அதைவிட. பங்குனி, சித்திரையில் காளியம்மன் கோயில் பொங்கல் தொடங்கினால் கரிசல் காடு முழுக்க "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" போஸ்டர்தான். முதல் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை வழங்குபவர், ரெண்டாம் நாள் இட்லி வழங்குபவர் வரைக்கும் பேர் போட்டிருக்கும். ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கினால் விடியும்வரை ஓடும். மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். கிழவிகள் சாக்கு விரித்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், யாராவது கணுக்காலைப் பிடிக்கத் தவறினால் அவர்கள் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. என் நண்பன் பதினாறு வயதிலிருந்து அந்த வெளிச்சத்தில் ஆடியவன். அவன் பாடிப் போனால் தெருவே எழுந்து நிற்கும். அவன் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கல்லூரி அவனைக் கூப்பிட்டது, கட்டணத்தில் சலுகை கொடுத்தது. கூட்டத்தோடு இருந்த ஒருவனைக் கூட்டிக்கொண்டுபோய் நாலு வருடம் யாருமே பார்க்காத இடத்தில் ஆட விட்டார்கள். அவன் அங்கே தொலைத்தது பதினோரு அரியரில் பட்டத்தை மட்டும் இல்லை.

அரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டிக்குப் போன நாட்களின் பாடத்தைத் திரும்ப எடுக்க ஒரு ஆள் கிடையாது. லேபில் "கபடி ஆடப் போனேல்ல, அங்கேயே மார்க் வாங்கிக்கோ" என்ற வசனத்தை நானே காதால் கேட்டிருக்கிறேன். இன்றைக்குப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடாக 500 இடங்கள் இருக்கின்றன, அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. நல்லது. ஆனால் வாசலைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு, உள்ளே வந்தவன் எப்படி வெளியே போகிறான் என்று யார் பார்த்தார்கள்?

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். அந்த மின்னொளிக் கபடியை நான் கொஞ்சம் அழகுபடுத்திச் சொன்னேன் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். "தெருவே எழுந்து நிற்கும்" என்றேன். எந்தத் தெரு? அவன் தெரு. என் தெரு இல்லை. எங்கள் பக்கம் அணி என்பது தெரு, தெரு என்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். பனியன் நிறத்திலேயே விஷயம் இருக்கும். அவன் ஆட்டத்தைச் சின்ன வயதில் நான் பார்த்ததெல்லாம் எதிர்ப்பக்கம் நின்றுதான், அவன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கத்தித்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவனையே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. சரியான பரிந்துரை, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கயிற்றை அறுத்த கையில் வேறு எதைக் கட்டப்போகிறோம்?

கல்லூரி அணியின் பனியன் அதற்குப் பதிலாக இருந்திருக்கலாம் என்பதுதான் என் வாதம். அவன் தெருவும் என் தெருவும் ஒரே பக்கம் நின்று கத்தியிருக்கக்கூடிய ஒரே மைதானம் எங்கள் வாழ்க்கையில் அதுவாகத்தான் இருந்தது. அன்றைக்கு நான் கை தூக்கியிருந்தால், என் தெருக்காரன் ஒருவன் அவனுக்காகக் கத்துவதை அவன் முதல்முறையாகக் கேட்டிருப்பான். நானும்தான் என் குரலை அப்படி முதல்முறை கேட்டிருப்பேன்.

விளையாட்டு சாதியை ஒழித்துவிடும் என்று கதைவிடவில்லை. அமெரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. 1970 செப்டம்பரில், அப்போது முழுக்க வெள்ளை வீரர்களோடு களமிறங்கிய அலபாமா அணியை, சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரர் ஆடிய தெற்குக் கலிஃபோர்னியா அணி, அலபாமா மாநிலத்துக்கே போய் 42-21 என்று புரட்டி எடுத்தது. அடுத்த வருடமே அலபாமாவுக்காகக் கறுப்பு வீரர்கள் ஆடினார்கள், வெள்ளைக் கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்கள் எல்லோரும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்களா என்றால் இல்லை. ஆனால் கைதட்டவே வாய்ப்பில்லாத ஊரைவிட அது ஒரு படி மேல். நாம் அந்த ஒரு படியைக் கட்டவில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை நான் கும்பிடுகிறேன் என்று நினைக்கிற நண்பர்களுக்காக இன்னொன்று. ரே டெனிசன் என்று ஒருவர். கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்கிற சின்னக் கல்லூரிக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு 1955-ல் செத்துப்போனார். மனைவி இழப்பீடு கேட்டார். கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, அதனால் அவர் தொழிலாளி இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957-ல் சொல்லிவிட்டது. இந்த மாதிரி வழக்குகளிலிருந்து தப்பிக்கத்தான் "மாணவ-விளையாட்டு வீரர்" என்கிற சொல்லையே உருவாக்கினோம் என்று, அந்தச் சங்கத்தை நடத்திய வால்டர் பையர்ஸ் பிற்காலத்தில் தானே எழுதினார். ஸ்டேடியம் நிரம்பியது, கோச்சுகள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், ஆடிய பயலுக்குக் கட்டணச் சலுகை. 2021 ஜூலையில்தான் தன் பேரையும் முகத்தையும் வைத்து அவன் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025 ஜூனில் ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகுதான், கல்லூரிகள் வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனது. அந்தக் கொள்ளையின் கணக்குப்புத்தகம் எனக்குத் தெரியும். நம் தாளாளர்கள் அந்தக் கொள்ளையை மட்டும் சின்ன அளவில் இறக்குமதி செய்துகொண்டு, கூட்டத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் கோபம். அங்கே பயலுக்குப் பணம் கொடுக்கவில்லை, கைதட்டலாவது கொடுத்தார்கள். இங்கே இரண்டும் இல்லை.

அப்படி இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியோடு போனவர். கூடைப்பந்து, வாலிபால் இரண்டுமே மாசசூசெட்ஸ் ஒய்.எம்.சி.ஏ. கூடங்களில் பிறந்தவை. அந்த வாலிபால் இன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஊருணிக் கரையில் ரெண்டு கம்பு நட்டு ஆடும் ஆட்டமாகிவிட்டது, அதை அமெரிக்க ஆட்டம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய ஹாக்கி அணியின் கேப்டன் பாஸ்கரன் லயோலா கல்லூரி மாணவர். நூறு வருடப் பழக்கம் இது. எண்பதுகளில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்து, ஒரு கட்டத்தில் 500-ஐத் தாண்டிய பிறகு, அதில் எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை.

கடைசியாக உங்களிடம். இதைப் படிக்கிற உங்களில் பலர் 'பைசன்' பார்த்திருப்பீர்கள். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கியதும், அர்ஜுனா விருது வாங்கியதும், அந்தப் படம் வந்த பிறகு நம் டைம்லைனில் ஓடின. பத்தி பத்தியாக எழுதினோம், நானும் எழுதினேன். இடைவேளையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட நம்மில் எத்தனை பேர் நம் கல்லூரிக் கபடி அணி ஆடி ஒரு மேட்ச் பார்த்திருக்கிறோம்? கேப்டன் பேர் தெரியுமா? சீருடையின் நிறம்? நம் ஆளுகளுக்குக் கபடிக்காரன் முப்பது வருடம் கழித்து, பின்னணி இசையோடு வந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறான். நிஜத்தில் அவன் வகுப்பு வாசலில் வந்து நிற்கும்போது அட்டெண்டன்ஸ் போய்விடும்.

போன மாதம் எங்கள் பேட்ச் வாட்ஸாப் குரூப்பில் ஒரு யோசனை போட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஐந்தாறு கல்லூரிகள், நாக்-அவுட் இல்லாமல், மாறி மாறி ஒருவர் மைதானத்தில் ஒருவர் ஆட வேண்டும். வாரத்தில் ஒரு சாயங்காலம், வகுப்பு முடிந்த பிறகு. கேட்டைத் திறந்து சுற்றுப்பட்டி ஜனங்களையும் உள்ளே விட வேண்டும். மைக்குக்கு எங்கள் ஊரிலிருந்தே ஆள் தருகிறேன். ஆடுகிறவனுக்குக் காப்பீடும், விட்டுப்போன பாடத்துக்கு டியூஷனும் நாம் காசு போட்டுச் செய்வோம். நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவன், ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தால் நம் பேட்ச் பேரைப் பலகையில் போடுவார்கள் என்றான். அதற்குப் பதினேழு கட்டைவிரல்.

சரி என்று கல்லூரிக்கே போன் போட்டேன். இந்த வருடம் மண்டலக் கபடி என்றைக்கு என்று கேட்டேன். எடுத்த அம்மா, "நீங்க பேரண்ட்டா சார்?" என்றார். இல்லை, பழைய மாணவன் என்றேன். "பிளேஸ்மெண்ட் விஷயமா?" என்றார். இல்லைங்க, மேட்ச் பார்க்க வரணும் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, கோபமோ கிண்டலோ இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டார்: "எதுக்கு சார்?"

பி.டி. சார் நம்பர் வாங்கிக்கொண்டேன். வருகிற வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. லீவு சொல்லிவிட்டேன். ராஜபாளையத்திலிருந்து அவனும் வருகிறான், ஷிப்ட் மாற்றிக்கொண்டு.